தாளத்தை வீட்டை விட்டு வெளியேற்றாதீர்கள்

பக்கவாதத்திலிருந்து மீண்டு வருபவரை மறுபரிசோதனைக்கு அழைத்து வரும் குடும்பத்தினர், மருந்துச் சீட்டை வாங்கிக்கொண்டு எழும்போது எங்களிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "எந்த ராகம் கேட்டால் சீக்கிரம் குணமாகும்?" என்பதே அது. கைபேசியில் வந்த பட்டியல் ஒன்றையும் சிலர் எடுத்துக் காட்டுவர். இரத்த அழுத்தத்துக்கு ஒரு ராகம், தூக்கமின்மைக்கு ஒரு ராகம், நரம்புத் தளர்ச்சிக்கு ஒரு ராகம் என்று அதில் வரிசையாக எழுதப்பட்டிருக்கும்.

கேட்பவர்களை நாங்கள் குறை கூறுவதில்லை. நோயாளியின்மேல் உள்ள அன்பே அவர்களை அவ்வாறு கேட்கச் செய்கிறது. எனினும், குறிப்பிட்ட ராகம் குறிப்பிட்ட நோயைத் தீர்க்கும் என்று சொல்வதற்கு நம்பத்தக்க சான்று இல்லை. மனத்துக்குப் பிடித்த பாட்டைக் கேட்கச் செய்யுங்கள். அதனால் நன்மை உண்டு. ஆனால் இசையில் நாம் அதிகம் பொருட்படுத்தாத ஒரு பகுதி இருக்கிறது. தளர்ந்துபோன காலை எடுத்து வைப்பதற்கே அது துணை செய்யும் என்பதற்கு ஆய்வுச் சான்று உண்டு. அந்தப் பகுதி தாளம்.

கச்சேரிகளுக்குச் சென்று பழகியவர்கள் இதைக் கண்டிருப்பார்கள். பாடகர் பாட்டை நிறுத்தி, மிருதங்கம், கடம், கஞ்சிரா முதலியவை தனித்து வாசிக்கத் தொடங்கியதும், அவையில் ஒரு பகுதியினர் எழுந்து காப்பி குடிக்கப் போய்விடுவர். தனி ஆவர்த்தனம் என்பது பாட்டுக்கு நடுவே கிடைக்கும் இடைவேளை என்று அவர்கள் எண்ணுகிறார்கள். மருத்துவத்திலும் இதே பிழை நேர்கிறது. இசையின் நன்மையைப் பற்றிப் பேசும்போது ராகத்தையும் பாட்டையும் பேசிவிட்டு, தாளத்தை விட்டுவிடுகிறோம். நாங்களும் ஒரு முறை அவ்வாறு எழுந்து போனவர்களே. அதைச் சொல்லிவிட்டு மேலே செல்வதே முறை.

எங்கள் பிழை

கீழப்பாவூரை ஒட்டிய சிற்றூர் ஒன்றைச் சேர்ந்த, அறுபது வயதைக் கடந்த ஒருவர் எங்களிடம் சேர்க்கப்பட்டார். அவரை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை இங்கே தவிர்த்திருக்கிறோம். நம் பகுதியில் பங்குனி, சித்திரை, ஆடி மாதங்களில் நடைபெறும் கோயில் கொடைகளில் வில்லுப்பாட்டுக் குழுவில் குடம் அடிப்பது அவருடைய தொழில். பல ஆண்டுகள் இரவு முழுவதும் விழித்திருந்து, மண் குடத்தின் வாயில் மட்டையால் அடித்துக் கதைக்கு ஈடு கொடுத்த கை அவருடையது. மூளையின் இடப்புறத்தில் இரத்தக் குழாய் அடைபட்டதால் வலக் கையும் வலக் காலும் செயலிழந்தன, பேச்சும் குழறியது. காலையில் வாய் கோணியதைப் பார்த்த குடும்பத்தார், வெயிலில் நின்றதால் வந்த மயக்கம் என்று எண்ணி, மறுநாள்தான் அழைத்து வந்தனர். அடைப்பைக் கரைக்கும் ஊசி போடுவதற்குரிய நேரம் அதற்குள் கடந்துவிட்டது.

உயிருக்கு ஆபத்து நீங்கி அவர் வீடு திரும்பியபோது நாங்கள் சொன்ன அறிவுரை இதுதான்: நன்றாக ஓய்வெடுக்க வேண்டும், வீட்டில் சத்தம் கூடாது, கூட்டம் சேரக் கூடாது, கொட்டு, மேளம் எதுவும் அருகில் வேண்டாம். குடும்பத்தார் அதை எழுத்துப் பிசகாமல் கடைப்பிடித்தனர். குடம் பரணில் ஏறியது. தொலைக்காட்சி நின்றது. பார்க்க வந்த குழுத் தோழர்கள் வாசலோடு திருப்பி அனுப்பப்பட்டனர். பக்கத்துத் தெருவில் கொடை நடந்தபோது சன்னல்களையும் சாத்தி வைத்தார்களாம்.

இரண்டு மாதம் கழித்துச் சக்கர நாற்காலியில் அழைத்து வரப்பட்டபோது அவர் முன்னிலும் ஒடுங்கியிருந்தார். நாங்கள் கேட்டதற்குத் தலையைக்கூட அசைக்கவில்லை. அவருடைய மனைவி பீடி சுற்றும் தொழிலாளி. அவர் தயங்கித் தயங்கி ஒன்று சொன்னார்.

"பீடி சுத்தையில நான் சும்மா சுளகைத் தட்டுவேன் சார். அப்ப அவுக காலு அதுக்குத் தாளம் போடுது. நான் நிறுத்துனா நின்னு போவுது."

அது தசை விறைப்பினால் ஏற்படும் துடிப்பாக இருக்கலாம் என்று கூறிவிட்டு அடுத்த நோயாளியை அழைத்தோம். பக்கவாதம் வந்த காலில் அத்தகைய துடிப்பு வருவது இயல்பே. ஆயினும் அவர் சொன்னதன் முக்கியமான பாதியை நாங்கள் காதில் வாங்கவில்லை. தட்டுவதை நிறுத்தினால் காலும் நிற்கிறது என்று அவர் கூறினார். தசைத் துடிப்பு வெளியில் கேட்கும் ஓசையைப் பார்த்து நிற்பதில்லை.

அந்தச் சொல்லைக் காதில் வாங்கியவர் பக்கத்து அறையிலிருந்த இயன்முறை மருத்துவர். அவர் மேசையை விரலால் தட்டிப் பார்த்தார். வலப் பாதம் சற்றே எழுந்து தாழ்ந்தது. தட்டும் வேகத்தைக் குறைத்தார், பாதமும் குறைத்தது. அன்று முதல் அவருடைய நடைப் பயிற்சி தாளத்தோடு நடந்தது. முதலில் உட்கார்ந்தபடி காலைத் தூக்கி வைத்தார். பிறகு இணைகம்பிகளைப் பிடித்து நின்றார். பிறகு கைத்தடியுடன் நடந்தார். வீட்டில் அவருடைய மனைவி சுளகைத் தட்டினார். பரணில் இருந்த குடம் கீழே இறங்கியது.

முடிவை மிகைப்படுத்தாமல் சொல்ல வேண்டும். இன்று அவர் தடியூன்றி வீட்டுக்குள்ளும், தெருமுனைத் தேநீர்க்கடை வரையிலும் நடக்கிறார். சிறு சிறு தொடர்களாகப் பேசுகிறார். வலக் கை குடம் அடிக்கும் அளவுக்குத் திரும்பவில்லை. இனித் திரும்பும் என்று உறுதி கூறவும் எங்களால் இயலாது. சென்ற கொடையில் மேடைக்குக் கீழே நாற்காலியில் அமர்ந்து, இடக் கையால் தொடையில் தாளம் போட்டபடி கதை முடியும் வரை கேட்டுக்கொண்டிருந்தாராம். இழந்த அந்த இரண்டு மாதங்களை அவருக்குத் திருப்பித் தர எங்களால் முடியாது. இக்கட்டுரையை எழுதுவதற்கு அதுவே காரணம்.

ஒருவர் கதை சான்று ஆகுமா?

ஆகாது. தாளம் இல்லாமலேகூட அவர் காலப்போக்கில் நடந்திருக்கலாம். பக்கவாதத்துக்குப் பின்வரும் முதல் சில மாதங்களில் மூளை தானாகவே ஓரளவு தேறிக்கொள்கிறது. ஆகவே எங்கள் கருத்துக்கு அடிப்படையாக முறையான ஆய்வுகளையே எடுத்துக்கொள்ள வேண்டும்.

அமெரிக்காவின் கொலராடோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் மைக்கேல் தாவுட் என்பவரும் அவருடைய குழுவினரும் 1990களில் இத்துறையில் முன்னோடி ஆய்வுகளைச் செய்தனர். நடுக்குவாதம் எனப்படும் பார்க்கின்சன் நோய் உள்ளவர்களுக்கு, சீரான தாளம் பதிந்த இசையைக் கேட்டுக்கொண்டே நாள்தோறும் 30 நிமிடம் நடக்கும் பயிற்சியை 3 வாரம் வீட்டிலேயே கொடுத்தனர். 1996இல் வெளியான அந்த ஆய்வின்படி, தாளத்தோடு பயின்றவர்களின் நடைவேகம் ஏறத்தாழ 25 விழுக்காடு கூடியது. எடுத்து வைக்கும் அடியின் நீளமும் கூடியது. மறு ஆண்டு பக்கவாத நோயாளிகளிடம் 6 வாரம் நடத்திய ஆய்விலும், வழக்கமான நடைப் பயிற்சி மட்டும் பெற்றவர்களைவிடத் தாளத்தோடு பயிற்சி பெற்றவர்கள் மேலான முன்னேற்றம் கண்டனர். இவை சிறிய ஆய்வுகளே. ஆனால் பின்னர் வேறு பல இடங்களில் நடந்த ஆய்வுகளும் பெரும்பாலும் இதே திசையைக் காட்டியதால், இயன்முறை மருத்துவத்தில் இம்முறை இன்று நிலைபெற்றிருக்கிறது. தாள ஒலித் தூண்டல் என்று இதனைக் கூறலாம்.

பாட்டு கேட்பதன் பயனும் ஆராயப்பட்டிருக்கிறது. பின்லாந்து நாட்டில் பக்கவாதம் வந்த 60 பேரைக் கொண்டு நடத்தி 2008இல் வெளியிட்ட ஆய்வில், தமக்கு விருப்பமான இசையை நாள்தோறும் ஒரு மணி நேரம் போல் 2 மாதம் கேட்டவர்களுக்கு, சொற்களை நினைவில் கொள்ளும் திறனும் கவனமும் மற்றவர்களைவிட நன்கு தேறின. மனச்சோர்வும் குறைவாக இருந்தது. எந்த இசை என்பதை ஆய்வாளர்கள் விதிக்கவில்லை. நோயாளிகளே தெரிந்தெடுத்தனர் என்பதை ராகப் பட்டியல் வைத்திருப்போர் கருத்தில் கொள்ள வேண்டுகிறோம்.

மூளைக்குள் நிகழ்வது என்ன?

காதில் விழும் ஓசையை அறியும் பகுதியும், கைகால்களை இயக்கும் பகுதியும் மூளையில் வெவ்வேறு இடங்களில் உள்ளன. ஆனால் இரண்டுக்கும் இடையே நெருங்கிய தொடர்பு உண்டு. சீரான தாளத்தைக் கேட்கும்போது, உடல் அசையாமல் இருந்தாலும், இயக்கத்தைத் திட்டமிடும் பகுதிகளும் சேர்ந்து செயல்படுகின்றன. மூளைப் படங்கள் இதைத் தெளிவாகக் காட்டுகின்றன. பாட்டைக் கேட்டவுடன் நம்மை அறியாமல் கால் தட்டுவதற்குக் காரணம் இதுவே.

இதில் எதிர்பார்ப்புக்குப் பெரும் பங்குண்டு. மூன்று அடி சீராக விழுந்தால் நான்காம் அடி எப்போது விழும் என்று மூளை முன்கூட்டியே கணித்துவிடுகிறது. காலைத் தூக்க வேண்டிய நேரத்தையும் அக்கணிப்பே சொல்லித் தருகிறது. இவ்வாறு உள்ளிருந்து நேரம் கணிக்கும் பணியில், மூளையின் ஆழத்தில் டோபமின் என்னும் வேதிப்பொருளைக் கொண்டு இயங்கும் நரம்பணுக் கூட்டங்கள் ஈடுபடுகின்றன. பார்க்கின்சன் நோயில் பழுதுபடுவது அப்பகுதியே. ஜெசிக்கா கிரான் என்னும் ஆய்வாளர் தம் சக ஆய்வாளருடன் 2009இல் வெளியிட்ட ஆய்வில், பார்க்கின்சன் நோயுள்ளவர்கள் தெளிவான தாளங்களைக்கூட வேறுபடுத்தி அறிவதில் மற்றவர்களைவிடப் பின்தங்கினர். உள்ளே இருக்கும் கடிகாரம் தடுமாறும்போது, வெளியிலிருந்து கிடைக்கும் தாளம் அதற்கு மாற்றாக நின்று உதவுகிறது. வாசற்படியில் கால் தரையோடு ஒட்டிக்கொண்டது போல் நின்றுவிடும் நோயாளி, அருகிலிருப்பவர் "ஒன்று, இரண்டு" என்று எண்ணியதும் அடியெடுத்து வைப்பதை உங்களில் சிலர் வீட்டிலேயே கண்டிருப்பீர்கள்.

பேச்சிலும் தாளத்துக்குப் பங்குண்டு. பக்கவாதத்தால் பேச்சிழந்த சிலர் பாட்டாகச் சொன்னால் சொல்வர் என்பது நெடுங்காலமாக அறிந்த செய்தி. அதை அடிப்படையாகக் கொண்டு 1973இல் அமெரிக்காவின் பாஸ்டன் நகர மருத்துவர்கள் ஒரு பேச்சுப் பயிற்சி முறையை அறிமுகம் செய்தனர். சொற்றொடரை இழுத்து இசைபோலச் சொல்ல வேண்டும்; ஒவ்வோர் அசைக்கும் நோயாளியின் இடக் கையைத் தட்ட வேண்டும். இதில் பயன் தருவது இசையா, தாளமா என்று ஜெர்மனியில் ஆராய்ந்து 2011இல் வெளியிட்டனர். அவர்கள் ஆராய்ந்த நோயாளிகளிடம் பெரிதும் உதவியது மெட்டு அன்று. தாளமும், முன்பே பழகிய சொற்றொடர்களுமே.

தாளமே தனித்து நிற்கும் கலை

ராகமும் சொல்லும் நீங்கிய பின்னும் தாளம் மட்டுமே மனிதரை அசைக்க வல்லது என்பதைக் கலைஞர்கள் நமக்கு முன்பே அறிந்திருந்தார்கள். எட்டு அட்சரம் கொண்ட ஆதி தாளத்தில் கையால் எண்ணிக்கொண்டு தனி ஆவர்த்தனம் கேட்டுப் பாருங்கள். கை எட்டாக எண்ணும். வாசிப்பவர் மூன்றாகவும் ஐந்தாகவும் ஏழாகவும் பகுத்துக்கொண்டு போவார். இனி ஒன்றுசேராது என்று நாம் எண்ணும் தறுவாயில் கோர்வையை மும்முறை வாசித்து உரிய இடத்தில் வந்து விழுவார். அந்த நொடியில் அவையே தலையசைக்கும். மூளையின் கணிப்பைக் கலைத்து, பின் நிறைவேற்றித் தருவதால் பிறக்கும் மகிழ்ச்சி அது.

கடத்தைத் தனித்து ஒலிக்கும் கருவியாக உலகுக்கு அறிமுகம் செய்தவர்களில் முதன்மையானவர் 1942இல் பிறந்த விக்கு விநாயக்ராம். 1970களில் சக்தி குழுவில் ஜான் மெக்லாக்லின், எல். சங்கர், ஜாகிர் உசேன் ஆகியோருடன் வாசித்தார். அமெரிக்கத் தாளக் கலைஞர் மிக்கி ஹார்ட் பல நாட்டுத் தாளக் கலைஞர்களை ஒன்றுசேர்த்து 1991இல் வெளியிட்ட 'பிளானட் டிரம்' என்னும் இசைத் தொகுப்பிலும் அவருடைய கடம் ஒலித்தது. அத்தொகுப்பு கிராமி விருது பெற்றது. நம் கோயில் கொடையில் குடம் அடிப்பவருக்கும் அவருக்கும் கருவியால் உறவு உண்டு; இருவர் கையிலும் ஒலிப்பது சுட்ட மண்ணே.

அந்த மிக்கி ஹார்ட் அதே 1991ஆம் ஆண்டில், முதியோர் நலன் குறித்த அமெரிக்கச் செனட் குழுவின் முன் சாட்சியம் அளித்தார். மறதி நோயால் பேச்சற்றிருந்த தம் பாட்டியின் அருகில் முரசு வாசித்தபோது அவர் தம் பெயரைச் சொன்னதைக் குறிப்பிட்டு, மருத்துவத்தில் தாளத்துக்கு இடம் வேண்டும் என்று வாதிட்டார். நரம்பியல் மருத்துவரும் எழுத்தாளருமான ஆலிவர் சாக்சும் அந்த விசாரணையில் சாட்சியம் அளித்தவர். பிற்காலத்தில் ஹார்ட், நரம்பியல் ஆய்வாளர் ஆடம் கசாலியுடன் இணைந்து, மின்முனைகள் பொருத்திய தொப்பியை அணிந்து மேடையில் வாசித்தார். அவருடைய மூளை அலைகள் ஒலியாகவும் ஒளியாகவும் மாற்றப்பட்டு அவைக்குக் காட்டப்பட்டன.

கேட்கும்போது வியப்பாக இருக்கிறது. எனினும் எங்கள் கருத்தை வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறோம். மூளை அலையிலிருந்து பிறக்கும் இசை ஒரு கலை முயற்சி. அது மருத்துவம் ஆகிவிடவில்லை. பாட்டி பெயர் சொன்னது நெஞ்சைத் தொடும் செய்தி. அதுவும் சான்று ஆகாது. அத்தகைய கருவிகளைக் காட்டி, மூளையைப் புதுப்பித்துத் தருகிறோம் என்று பணம் கேட்பவர்களிடம் விழிப்பாக இருங்கள். தாளத்தின் உறுதிப்பட்ட பயனைப் பெறுவதற்கு விலையுயர்ந்த பொருள் எதுவும் வேண்டியதில்லை. ஒரு சுளகும், தட்டுவதற்கு ஒரு கையும் போதும்.

தாளக் கலைஞர்களுள் இன்னொருவரையும் குறிப்பிட வேண்டும். ஸ்காட்லாந்தைச் சேர்ந்த எவலின் கிளெனி சிறு வயதிலேயே செவித்திறனை ஏறத்தாழ முழுவதும் இழந்தவர். வெறுங்காலுடன் மேடையேறி, அதிர்வை உடலால் உணர்ந்து வாசித்து, தனித் தாளக் கலைஞராக உலகப் புகழ் பெற்றார். காது மந்தமான முதியவர்க்குத் தாளம் பயன்படாது என்று எண்ண வேண்டாம் என்பதற்காக இதைச் சொல்கிறோம். தோளிலோ தொடையிலோ மெல்லத் தட்டினாலும் தாளம் போய்ச் சேரும்.

மறுப்புகளும் வரம்புகளும்

"வார்டில் தட்டிக்கொண்டிருந்தால் பக்கத்துக் கட்டில்காரர் எப்படித் தூங்குவார்?" என்று செவிலியர் கேட்பது நியாயமே. பயிற்சிக்கு நேரம் ஒதுக்கலாம், காதணிக் கருவி பயன்படுத்தலாம், உள்ளங்கையில் தட்டலாம். அமைதி எல்லா நோயாளிக்கும் ஒரு பொழுது தேவை; எந்த நோயாளிக்கும் முழுப் பொழுதும் தேவையில்லை.

"மருந்தை நிறுத்திவிடலாமா?" என்ற கேள்விக்கு விடை, கூடாது என்பதே. இரத்த அழுத்த மாத்திரை, சர்க்கரை மாத்திரை, இரத்தம் உறையாமல் காக்கும் மாத்திரை, பார்க்கின்சன் நோய்க்கான லெவோடோபா ஆகிய எதற்கும் தாளம் மாற்று அன்று. வாய் கோணுதல், ஒரு கை தளர்தல், பேச்சு குழறுதல் ஆகியவற்றில் ஒன்றைக் கண்டாலும் உடனே 108ஐ அழையுங்கள். அடைப்பைக் கரைக்கும் ஊசியைத் தகுதியுள்ளவர்க்குப் பொதுவாக நான்கரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். அந்த நேரத்தில் வேறு எந்த முயற்சியும் வேண்டாம்.

அரிதாகச் சிலருக்கு இசையே வலிப்பைத் தூண்டுவதுண்டு. மறதி நோயுள்ள சிலர் பலத்த கொட்டுச் சத்தத்தால் கலங்குவர். நோயாளி முகம் சுளித்தால், படபடத்தால், நிறுத்திவிடுங்கள். ஒலிபெருக்கியின் பேரொலியை நாங்கள் பரிந்துரைக்கவில்லை. பேசும் குரலின் அளவே போதும்.

வீட்டில் செய்யும் முறை

இயன்முறை மருத்துவர் நடக்க அனுமதித்த பிறகே இதைத் தொடங்க வேண்டும்.

1. நோயாளி இயல்பாக நடக்கும்போது ஒரு நிமிடத்தில் எத்தனை அடி வைக்கிறார் என்று எண்ணுங்கள். 60 அடி என்றால் நிமிடத்துக்கு 60 தட்டு. கைபேசியில் தாளம் தட்டும் செயலிகள் கிடைக்கின்றன, கைத்தட்டலும் போதும்.

2. நடக்கும் முன் உட்கார்ந்தபடியே சற்று நேரம் தாளத்தைக் கேட்கட்டும். காலை அதற்கேற்பத் தூக்கி வைக்கட்டும். பிறகு எழுந்து நடக்கட்டும்.

3. ஓர் அடிக்கு ஒரு தட்டு. தனி ஆவர்த்தனத்தின் ஏழும் ஒன்பதும் கேட்டு மகிழ்வதற்கு உரியவை; நடப்பதற்கு நேரான, சீரான தாளமே வேண்டும். பாட்டு வைப்பதாயின் வேகம் மாறாத, நோயாளிக்குப் பழகிய பாட்டாக இருக்கட்டும்.

4. முதலில் 5 நிமிடம். தளர்ச்சி இல்லையென்றால் நாளுக்கு நாள் கூட்டலாம். தடுமாற்றமின்றி ஒரு வாரம் நடந்தால், இயன்முறை மருத்துவரைக் கேட்டு, வேகத்தை 60லிருந்து 63 அல்லது 66 ஆக்கலாம். அதற்குமேல் அவசரம் வேண்டாம்.

5. பலவீனமான பக்கத்தில் ஒருவர் துணை நிற்க வேண்டும். கையைப் பிடித்து இழுக்கக் கூடாது. ஈரத் தரை, தளர்ந்த செருப்பு, காலில் தட்டும் பாய் ஆகியவற்றை அகற்றுங்கள். நடக்கும்போது பேச்சுக் கொடுக்காதீர்கள்.

6. பார்க்கின்சன் நோயாளிகள் மாத்திரை நன்கு வேலை செய்யும் நேரத்தில் பயில்வது நல்லது. தலைசுற்றல், மூச்சுத் திணறல், நெஞ்சு வலி கண்டால் உடனே நிறுத்தி மருத்துவரை அணுகுங்கள்.

7. பேச்சு தடைபட்டவர்க்கு, "தண்ணி வேணும்", "வீட்டுக்குப் போகணும்" போன்ற அன்றாடத் தொடர்களை, அவருடைய நல்ல கையை அசைக்கு ஒரு முறை தட்டிக்கொண்டு, மெல்லச் சேர்ந்து சொல்லுங்கள். பேச்சுப் பயிற்சியாளர் கிடைத்தால் அவர் வழிகாட்டுதலில் செய்வது இன்னும் சிறப்பு.

நாங்கள் செய்ய வேண்டியது

அறிவுரை உங்களுக்கு மட்டும் உரியதன்று. நோயாளியைச் சேர்க்கும்போது வயது, சர்க்கரை, புகைப்பழக்கம் எல்லாம் கேட்கிறோம். அவர் என்ன பாட்டுக் கேட்பார், ஏதேனும் கருவி வாசிப்பாரா, கோலாட்டமோ கும்மியோ பழகியவரா என்று கேட்பதில்லை. அதையும் நோய்க்குறிப்பில் எழுத வேண்டும் என்பது எங்கள் கருத்து. வீட்டுக்கு அனுப்பும்போது "ஓய்வு" என்று ஒரே சொல்லில் முடிக்காமல், எவ்வளவு ஓய்வு, எவ்வளவு இயக்கம், எந்த அளவு ஓசை என்று பிரித்துச் சொல்ல வேண்டும். மாத்திரையின் அளவை எழுதுவதுபோலத் தாளப் பயிற்சியின் வேகத்தையும் நேரத்தையும் எழுதித் தர வேண்டும். பெங்களூரு நிம்ஹான்ஸ் போன்ற பெரிய நிறுவனத்தில் இசையும் மூளையும் குறித்த ஆய்வுக்குத் தனி ஆய்வகமே இருக்கிறது. நம் போன்ற ஊர்களில் ஆய்வகம் இல்லாவிட்டாலும், கேட்பதற்குக் காது இருக்கலாம்.

எல்லாவற்றுக்கும் மேலாக, உடனிருந்து பார்ப்பவர் சொல்வதை நாங்கள் முழுமையாகக் கேட்க வேண்டும். நாங்கள் நோயாளியை மாதத்தில் பத்து நிமிடம் பார்க்கிறோம். நீங்கள் நாள் முழுவதும் பார்க்கிறீர்கள். சுளகு தட்டியபோது கால் அசைந்ததைக் கண்டவர் எம்மில் ஒருவர் அல்லர். பீடி சுற்றிக்கொண்டிருந்த அந்த அம்மையார். உங்கள் வீட்டிலும் அதுபோன்ற சிறிய அசைவு எதையேனும் கண்டால் அடுத்த முறை வரும்போது தயங்காமல் சொல்லுங்கள். நாங்கள் அவசரமாக அடுத்தவரை அழைத்தால், இருக்கையை விட்டு எழாமல் இன்னொரு முறை சொல்லுங்கள்.